மூச்சுக்குழாய்க்கு ஒரு சாரம்

ஒசோர்னோ,
14 ஜூலை 2011

நிபால்டோ,

நலம் விசாரிக்கும் வரியை விட்டுவிடுகிறேன். நான் நலமில்லை என்பது உனக்குத் தெரியும். நீ நலமாக இருப்பதை நேற்றுத் தொலைக்காட்சியில் பார்த்தேன்.

வெள்ளை அங்கி உனக்குத் தொளதொளவென்று இருக்கிறது. உன் பேராசிரியர் அரன்சிபியா பேசிக்கொண்டே இருந்தார். நீ பின்னால் ஓர் ஆட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாய். முதலில் பார்த்தது என் மகள்தான். "அம்மா, மாமாவப் பாரு, ஆடு மேய்க்கிறாரு. இதுக்குத்தான் சாந்தியாகோ போய் இத்தன வருஷம் படிச்சாராக்கும்" என்றாள் யாஸ்னா. சிரித்துவிட்டேன். என் சிரிப்பு இப்போது எப்படி இருக்கும் என்று நீ பார்த்ததில்லை. சத்தம் வராது. கழுத்துத் துளையில் செருகியிருக்கும் குழாய் விசிலடிக்கும்.

பிறகு அவர் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த ஆட்டின் கழுத்துக்குள் இருப்பது நீங்கள் செய்த மூச்சுக்குழாயாமே. அதில்தான் அது மூச்சுவிடுகிறதாமே. அடுத்தது மனிதர்களுக்கு என்றார்.

நிபால்டோ, இதை நான் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

வீடு எரிந்து வருகிற மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. நீ வந்து பார்த்தபோது நான் நினைவில்லாமல் கிடந்தேன். நினைவு வந்தபோது நீ போயிருந்தாய். அதற்கப்புறம் நடந்ததை யாஸ்னா போனில் சொல்லியிருப்பாள், ஆனால் அவள் எதையும் பாதியாக்கித்தான் சொல்வாள். முழுசாகச் சொல்கிறேன். மூச்சுக்குழாயில் சூடான புகை இறங்கிய இடமெல்லாம் வெந்து தழும்பாகிவிட்டது. குட்டையான தழும்பாக இருந்தால் வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் இழுத்துத் தைத்துவிடலாமாம். என்னுடையது நுரையீரல் பிரிகிற இடம்வரை இறங்கியிருக்கிறது. உள்ளே ஒரு குழலை வைத்துப் பார்த்தார்கள். அதையும் சதை மூடிக்கொண்டது. "இனிமே செய்ய என்கிட்ட ஒண்ணும் இல்லம்மா" என்றார் டாக்டர் சன்ஹூவேசா. நல்ல மனுஷர். சொல்லிவிட்டுத் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கால்நடைச் சந்தையில் ஏலம் கூவும் என் இடத்துக்கு வேறொருவன் வந்துவிட்டான். ஏலம் கேட்கிறவர்களின் பெயரைத் தப்பும் தவறுமாகக் கூப்பிடுகிறான். போகட்டும்.

குறுஞ்செய்தி அனுப்பலாமே என்கிறாள் யாஸ்னா. அதில் வாழ்த்துச் சொல்லலாம், சண்டை போட முடியாது. அதனால் கடிதம்.

கேட்பது ஒன்றே. ஆட்டுக்குச் செய்ததை எனக்கும் செய்.

எடெல்மிரா

—

சாந்தியாகோ,
25 ஜூலை 2011

அக்கா,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் பயந்துவிட்டேன். யாஸ்னாவுக்குப் போன் செய்து, நீ நன்றாக இருக்கிறாய் என்று தெரிந்த பிறகுதான் உறையைக் கிழித்தேன். நன்றாக என்றால், முன்பு போலவே.

இங்கே மாணவர்கள் பல்கலைக்கழகத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். வாசல் முழுக்க நாற்காலிகளை அடுக்கிவிட்டார்கள். ஆடுகளுக்குத் தீவனம் கொண்டுபோக வேண்டும் என்று கெஞ்சினால், "ஆட்டுக்கு மட்டும் இலவசமா, எங்களுக்கு ஃபீஸா?" என்று கேட்கிறான் ஒருவன். கடைசியில் அவனே மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

நீ கேட்டதற்கு வருகிறேன்.

கட்டடம் கட்டும்போது மரக்கம்புகளால் சாரம் கட்டுவார்கள் அல்லவா, நாங்கள் செய்வதும் ஒருவகைச் சாரம்தான். பன்றியின் மூச்சுக்குழாயை எடுத்து, சோப்பு மாதிரியான ஒரு நீரில் திரும்பத் திரும்ப அலசுவோம். பன்றியின் செல்களெல்லாம் கரைந்து போய்விடும். மிஞ்சுவது ஒரு வெள்ளைக் கூடு; பழைய வளையங்கள், நார்கள், அவ்வளவுதான். வெளிச்சத்தில் பிடித்தால் விரல் தெரியும். அதில் ஆட்டின் சொந்தச் செல்களை விதைத்து, வெதுவெதுப்பான பெட்டிக்குள் சுழலவிட்டு, பிறகு ஆட்டின் கழுத்தில் தைப்போம். கட்டடச் சாரத்தை வேலை முடிந்ததும் அவிழ்த்துவிடலாம். எங்களுடையது உள்ளேயே இருக்கும். செல்கள் அதைப் பிடித்து ஏறி, அதையே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று, அந்த இடத்தில் தங்கள் சுவரை எழுப்ப வேண்டும்.

எழுப்ப வேண்டும் என்று எழுதியிருக்கிறேன், கவனித்தாயா? இன்னும் வேலை இருக்கிறது. தொலைக்காட்சிக்காரர்கள் எதையும் அவசரப்படுத்துவார்கள். அந்தப் படம் ஆடு நன்றாக இருந்தபோது எடுத்தது.

உனக்குச் சொல்லாததற்குக் காரணம், சொல்லும்படி ஒன்றும் இல்லை என்பதுதான். கொஞ்சம் பொறு அக்கா.

நிபால்டோ

—

ஒசோர்னோ,
3 ஆகஸ்ட் 2011

நிபால்டோ,

"ஆடு நன்றாக இருந்தபோது." அப்படியென்றால் இப்போது?

நான் ஆடு விற்றவள். "நேத்துவரைக்கும் நல்லாத்தான் மேஞ்சிட்டு இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டு வருகிறவனை எத்தனை பேரைப் பார்த்திருப்பேன். சாரம், கூடு, வெதுவெதுப்பான பெட்டி என்று பக்கம் முழுக்க எழுதிவிட்டு, ஆட்டைப் பற்றி அரை வரி எழுதுகிறாய். ஆடு உயிரோடு இருக்கிறதா, இல்லையா? எத்தனை ஆட்டுக்குச் செய்தீர்கள், அவையெல்லாம் எங்கே?

இங்கே விடாத மழை. கையில் ஒரு சின்னப் பலகையும் சாக்குக் கட்டியும் வைத்திருக்கிறேன். ரொட்டிக் கடைக்காரி நான் எழுதிக் காட்டியதைப் படித்துவிட்டு, தொண்டை கிழியக் கத்திப் பதில் சொல்கிறாள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு இன்னும் சத்தமாக, "அப்படியா எடெல்மிரா, ரொம்ப சந்தோஷம்" என்றாள். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

எரிமலை வெடித்ததே, அதன் சாம்பலெல்லாம் அர்ஜென்டினா பக்கம் போய்விட்டது. காற்று மட்டும் இந்தப் பக்கம் திரும்பியிருந்தால் உன் பதிலுக்குக் காத்திருக்க நான் இருந்திருக்க மாட்டேன். பொறு என்கிறாய். பொறுப்பதற்கும் மூச்சு வேண்டும்.

எடெல்மிரா

—

சாந்தியாகோ,
22 ஆகஸ்ட் 2011

அக்கா,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இது நான்காவது.

ஆடு செத்துவிட்டது. நீ தொலைக்காட்சியில் பார்ப்பதற்கு முன்பே செத்துவிட்டது. அதற்கு முன்னால் செய்தவையும் செத்துவிட்டன. பின்னால் செய்தவையும். ஒன்றுகூட மிஞ்சவில்லை.

சாரம் நிற்கிறது, அதில் குறையில்லை. ஆனால் செல்கள் இரண்டு ஓரங்களிலும் மட்டும்தான் உயிரோடு இருக்கின்றன. நடுப்பகுதிக்கு ரத்தம் போய்ச் சேருவதில்லை. அங்கே விதைத்ததெல்லாம் பட்டினி கிடந்து சாகிறது. பிறகு இரண்டில் ஒன்று நடக்கும். குழாய் ஈரத் துணி மாதிரி தொய்ந்துவிடும். அல்லது இரண்டு ஓரங்களிலிருந்தும் சதை வளர்ந்து வந்து வழியை அடைத்துவிடும். முதல் சில வாரங்கள் எல்லாம் அற்புதமாகத் தெரியும். ஆடு மேயும், கத்தும். படம் எடுப்பவர்களை அப்போதுதான் கூப்பிடுவார் அரன்சிபியா.

அவர் பொய் சொல்கிறார் என்றும் சொல்லிவிட முடியாது. அடுத்த ஆடு பிழைக்கும் என்று அவர் நிஜமாகவே நம்புகிறார். ஒவ்வொரு முறையும்.

கடைசி நாட்களில் கொட்டகையில் அவற்றோடு உட்கார்ந்திருப்பது நான். ஊசி போட்டு முடித்துவிடலாம் என்று அவர் அனுமதிக்கும்வரை உட்கார்ந்திருப்பேன். மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒரு சத்தம் வரும். போன வருடம் மருத்துவமனையில் உன் பக்கத்தில் நின்றபோது அதே சத்தத்தைக் கேட்டேன். நினைவு வந்தபோது நான் போயிருந்தேன் என்று எழுதியிருந்தாயே. அதனால்தான்.

அந்தக் குழாயை உனக்குள் வைக்கமாட்டேன். கேட்காதே அக்கா.

நிபால்டோ

—

ஒசோர்னோ,
20 செப்டம்பர் 2011

நிபால்டோ,

உன் கடிதம் வந்த அன்றே உன் பேராசிரியருக்கு நான் எழுதினேன். உன்னைக் கேட்காமல்தான் எழுதினேன். சுதந்திர தின விடுமுறையில் அவரே விமானம் ஏறி வந்துவிட்டார்.

யாஸ்னா முர்த்தாப் பழக் கேக் செய்திருந்தாள். இரண்டு துண்டு சாப்பிட்டார். வீட்டைப் புகழ்ந்தார். புது வீட்டுக்கு இன்னும் சாயம்கூட அடிக்கவில்லை, அதில் புகழ என்ன இருக்கிறதோ. பிறகு நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உங்க தம்பி நல்ல பையன்மா. கை சுத்தம். ஆனா பயந்த சுபாவம். முதல் ஆளா காலை எடுத்து வைக்கிறவன் பயப்பட்டா நடக்குமா?"

நான் பலகையில் "ஆடுகள்?" என்று எழுதிக் காட்டினேன்.

"ஆடு வேற, மனுஷங்க வேற. அது நாள் பூரா தலையக் குனிஞ்சு மேயுது. கழுத்து ஓயாம வளையுது. நீங்க அசையாம படுத்திருப்பீங்க, சொன்னாக் கேப்பீங்க, இருமச் சொன்னா இருமுவீங்க."

"எல்லா ஆடும் செத்துப்போச்சுன்னு மாமா எழுதியிருக்காரே?" என்றாள் யாஸ்னா.

"எல்லாமுமா?" என்று கேட்டுவிட்டு அவர் காப்பியைக் கலக்க ஆரம்பித்தார். அதை ஏற்கெனவே கலக்கியிருந்தார்.

நொண்டிக் குதிரையை விற்க வருகிறவன் அதை நடக்கவிடமாட்டான், பல்லைத்தான் திறந்து திறந்து காட்டுவான். உன் பேராசிரியர் வந்ததிலிருந்து பல்லைத்தான் காட்டிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியாமல் இல்லை.

தெரிந்தேதான் சரி என்று எழுதிக் கொடுத்தேன்.

வண்டியில் பூட்ட வேறு ஒன்றும் இல்லாதவன் நொண்டியையும் வாங்குவான். நொண்டி என்று தெரிந்தே வாங்குவான். அவனை ஏமாந்தவன் என்று சொல்லாதே. போன வாரம் டாக்டர் சன்ஹூவேசா குழாயை இன்னும் நீளமானதாக மாற்றினார். அடுத்த முறை அதைவிட நீளம். அதற்கு மேல் நீளம் கிடையாது என்கிறார். முதல் சில வாரங்கள் அற்புதமாக இருக்கும் என்று நீயே எழுதியிருக்கிறாய். எனக்கு அந்தச் சில வாரங்கள் போதும். அதுகூட இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு அது மேல்.

ஒரே நிபந்தனை வைத்தேன். எனக்கான சாரத்தை நீதான் அலச வேண்டும், நீதான் விதைக்க வேண்டும். அவர் ஒத்துக்கொண்டார்.

நீயும் ஒத்துக்கொள்.

எடெல்மிரா

—

சாந்தியாகோ,
14 அக்டோபர் 2011

அக்கா,

இதை உனக்கு வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும்.

மனிதர்கள் மேல் எந்தச் சோதனை செய்வதென்றாலும் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு அனுமதி கொடுக்க வேண்டும். உன் அறுவை சிகிச்சைக்கு அரன்சிபியா அனுமதி கேட்டிருந்தார். நான் அந்தக் கூட்டத்துக்குப் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. ஆடுகளிடமிருந்து வெளியே எடுத்த மூச்சுக்குழாய்களைக் கண்ணாடிக் குப்பிகளில் போட்டு வைத்திருக்கிறோம். அவற்றை ஒரு பழக்கூடையில் எடுத்துப்போய் அவர்கள் மேஜைமேல் வைத்தேன்.

தலைமையில் வயதான ஒரு பெண் டாக்டர் இருந்தார். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"இதுல ஒண்ணாவது திறந்திருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர்."

"நோயாளி உங்களுக்குச் சொந்தமோ?"

"என் அக்கா."

"அப்ப நீங்க பேசறதுல எவ்வளவு விஞ்ஞானம், எவ்வளவு பயம்?"

"எனக்கே தெரியல. என்னப் பாக்காதீங்க, குப்பியப் பாருங்க."

அனுமதி மறுத்துவிட்டார்கள். மனிதர்களுக்கு மட்டுமில்லை, ஆட்டு வேலையையும் நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

வெளியே தாழ்வாரத்தில் அரன்சிபியா நின்றிருந்தார். கத்துவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினார். "உன் அக்காவ நீ கொன்னுட்ட நிபால்டோ. நான் கொன்னிருந்தா, முயற்சி பண்ணிக் கொன்னான்னாவது இருந்திருக்கும்." பிறகு ஆய்வகச் சாவியை வாங்கிக்கொண்டார்.

அவர் சொன்னது தப்பு என்று அன்றைக்கு முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்கே தப்பு என்றுதான் தெரியவில்லை.

நிபால்டோ

—

ஒசோர்னோ,
24 அக்டோபர் 2011

நிபால்டோ,

கழுத்து என்னுடையது. அந்தக் கூட்டத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டார்களா? என்ன சொல்கிறாள் என்று யாராவது கேட்டார்களா? நீ கேட்டாயா?

விலை தெரிந்து கையைத் தூக்கியவள் நான். நீ பின்னாலிருந்து வந்து என் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாய். ஊரார் முன்னால், குழந்தையின் கையை இறக்குவது போல.

உன் குப்பிகளில் ஒன்றாக நான் ஆகாமல் காப்பாற்றிவிட்டாய். நல்லது. இனி நான் என்ன ஆவேன் என்பதையும் அந்தக் குழுவிடமே கேட்டுச் சொல்.

யாஸ்னா உன்னைத் திட்டவில்லை. "மாமா சரியாத்தான் செஞ்சிருக்காரு" என்றாள். அன்று மாலை விறகுக் கொட்டகைக்குப் பின்னால் நின்று அழுதாள். சரியாகச் செய்தால் அழுவார்களா?

எனக்கு எழுதாதே. வரவும் வேண்டாம்.

எடெல்மிரா

—

சாந்தியாகோ,
12 டிசம்பர் 2011

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருந்து பார்த்தேன். நீ படிக்காமல் அடுப்பில் போட்டாலும் பரவாயில்லை.

இப்போது ஒரு தொழிற்கல்வி நிலையத்தில் இருக்கிறேன். நர்ஸ் ஆகப்போகிற பிள்ளைகளுக்கு நுண்ணோக்கியைத் துடைக்கவும் திருகவும் சொல்லிக்கொடுக்கிறேன். வெங்காயத் தோலை வைத்துப் பார்க்கச் சொல்வேன். "சார், இது செங்கல் சுவர் மாதிரி இருக்கு" என்று எப்போதும் யாராவது ஒரு பெண் சொல்வாள். சந்தோஷமாகச் சொல்வாள். நான் வெளியே போய் நிற்பேன்.

ஒரு நாள் எல்லாம் சரியாகும் என்று உனக்கு எழுதத் தோன்றுகிறது. எழுதமாட்டேன். குழாயின் நடுவரைக்கும் ரத்தத்தைக் கொண்டுபோகும் வழி யாருக்கும் பிடிபடவில்லை. பெரிய பெரிய நாடுகளிலும் பிடிபடவில்லை. என்றைக்காவது பிடிபடும், அன்றைக்கு நான் கிழவனாக இருப்பேன். அது உனக்கு உதவாது. இதைத் தெரிந்துகொண்டுதான் கூட்டத்துக்குப் போனேன். உன்னைக் காப்பாற்ற என்னிடம் வேறு ஏதோ இருக்கிறது என்று நீ நினைத்திருந்தால், இல்லை அக்கா. எதுவும் இல்லை. அதையும் இதையும் கொடுத்துப் பார்க்கிறேன் என்று சொல்லக்கூட ஒன்றுமில்லை.

அரன்சிபியா மலையைத் தாண்டி அர்ஜென்டினாவில் மெண்டோசாவுக்குப் போய்விட்டார். அங்கே ஒரு தனியார் மருத்துவமனை இடம் கொடுத்திருக்கிறதாம். கேள்விப்பட்டதும் அந்தப் பெண் டாக்டரைத் தேடிப் போய்ச் சொன்னேன். "அது வேற நாடு தம்பி. அவங்க கதவ நான் எப்படிப் பூட்டறது?" என்றார். நானே அந்த மருத்துவமனைக்கு எழுதினேன். பதில் இல்லை.

யாஸ்னாவிடம் சளி உறிஞ்சும் இயந்திரத்தின் வடிகட்டியை அடிக்கடி மாற்றச் சொல்.

நிபால்டோ

—

ஒசோர்னோ,
6 பிப்ரவரி 2012

நிபால்டோ,

எழுதாதே என்று சொன்னவளே எழுதுகிறேன். ஏனென்றால் இதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

மெண்டோசாக்காரரைப் பார்த்தாயா? நீயும் பார்த்திருப்பாய், எல்லாச் செய்தியிலும் அவர்தான். ஒஸ்மார் என்று பெயர், லாரி ஓட்டுநர். ஏதோ விபத்தில் தொண்டை நசுங்கிப் போனவராம். கழுத்தில் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் மனைவி, ஒரு பக்கம் அரன்சிபியா.

பேசச் சொன்னார்கள். பழைய வானொலி மாதிரி கரகரவென்று ஒரு குரல் வந்தது. என்ன சொன்னார் தெரியுமா? "பசிக்குது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவருக்கே சிரிப்பு வந்தது. அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை சொல்லுங்க என்பது போல அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாஸ்னா தொலைக்காட்சியை நிறுத்தப் போனாள். அவள் கையைத் தட்டிவிட்டேன்.

அந்த நாற்காலி எனக்குப் போட்டது. நான் உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தில் அவர் உட்கார்ந்து, நான் சொல்லியிருக்க வேண்டியதை அவர் சொன்னார். அவருடைய கழுத்தைப் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பொறாமைப்படுகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும்.

முதல் சில வாரங்கள் என்று நீ எழுதியது ஞாபகமிருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன். மனிதர்களில் வேறு மாதிரி ஆகலாம் அல்லவா? ஆடு குனிந்து மேய்வதால்தான் என்று அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம் அல்லவா? நீ சொன்னது தப்பாக இருக்கலாம். அது தப்பாக இருந்தால் நான் உன்னைச் சும்மா விடமாட்டேன். ஆனாலும் அது தப்பாக இருக்க வேண்டும் என்று சந்தா லூசியாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறேன்.

ஒஸ்மார் எப்படி இருக்கிறார் என்று தெரிந்தால் எழுது. அவரைப் பற்றி என்ன தெரிந்தாலும் எழுது.

எடெல்மிரா

—

சாந்தியாகோ,
16 ஏப்ரல் 2012

அக்கா,

பதில் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது. கல்வி நிலையத்தில் புது வருடம் தொடங்கியதால் வேலை அதிகம். நிறைய பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். நுண்ணோக்கிகள் போதவில்லை.

இங்கே இன்னும் வெயில் போகவில்லை. அங்கே மழை பிடித்துவிட்டதாக யாஸ்னா சொன்னாள். விறகு இறக்கிவிட்டீர்களா? போன வருடம் மாதிரி ஈர விறகை வாங்காதீர்கள், புகையும். உனக்குப் புகையே ஆகாது. உலர்ந்த விறகு விற்கிறவன் ஒருவன் ரியோ புவேனோ சாலையில் இருக்கிறான், நம்மோடு படித்த கல்வாரினோவின் தம்பி. அவனிடம் சொல்லச் சொல்.

எனக்கு விடுப்புக் கேட்டிருக்கிறேன். கொடுத்துவிடுவார்கள். கொடுக்காவிட்டாலும் வருவேன். வர வேண்டாம் என்று நீ சொன்னது மனதில் இருக்கிறது. விறகை வெட்டி அடுக்கிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறேன், எனக்கு நீ எதுவும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. பஸ்ஸில் மேல்தட்டில் இடம் கிடைத்தால் நன்றாக இருக்கும், கீழே கால் நீட்ட முடியாது.

இயந்திரம் சரியாக வேலை செய்கிறதா? உனக்குப் பிடித்த அந்த உப்புச் சீஸ் இங்கே கிடைக்கிறது. வாங்கி வரட்டுமா? இப்போது விழுங்க முடிகிறதா?

வேறென்ன எழுதுவது. பக்கம் தீரவில்லை. நீ நன்றாகப் போர்த்திக்கொள்.

நிபால்டோ

—

ஒசோர்னோ,
23 ஏப்ரல் 2012

நிபால்டோ,

விறகு பற்றி எழுதியிருக்கிறாய். பஸ் பற்றி, சீஸ் பற்றி, கல்வாரினோவின் தம்பியைப் பற்றி எழுதியிருக்கிறாய். நான் உனக்கு எழுதிய கடிதம் முழுக்க ஒரே ஆளைப் பற்றி. அவர் பெயர் உன் கடிதத்தில் ஓர் இடத்திலும் இல்லை.

உனக்குப் பொய் வராது. அதனால் பேசாமல் இருந்துவிட்டாய். ஆக, அவர் போய்விட்டார்.

எப்போது என்று எழுதாதே. எப்படி என்பதைக் கேட்கத் தேவையில்லை.

நான் ஜெயித்ததாகவோ நீ ஜெயித்ததாகவோ எனக்குத் தோன்றவில்லை. காலையில் உன் கடிதத்தைப் படித்துவிட்டு மத்தியானம்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். சூப் ஆறிப்போய்விட்டது என்று யாஸ்னா திட்டினாள்.

ஒன்று சொல்கிறேன். என்னை நீ தடுத்ததால்தான் அரன்சிபியா மலையைத் தாண்டினார், தாண்டியதால்தான் அவர் ஒஸ்மாரைக் கண்டுபிடித்தார். இதை நீ இதற்குள் ஆயிரம் தடவை நினைத்திருப்பாய். நான் சொல்லாவிட்டாலும் நினைப்பாய். அதனால் நானே சொல்லிவிட்டேன். இனி அதைத் தனியாக நினைக்காதே. நானும் நினைக்கிறேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்று இதற்கு அர்த்தமில்லை. அதை யோசிக்க எனக்கு நேரம் இருக்கிறதா என்று தெரியவில்லை.

கடைசி நீளக் குழாயும் போட்டாகிவிட்டது. அதன் முனைக்குக் கீழேயே சதை வர ஆரம்பித்துவிட்டது. டாக்டர் சன்ஹூவேசா இந்த முறை செருப்பைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தே சொன்னார். "வீட்டுலயே இருங்கம்மா. மருந்து நான் கொண்டுவந்து தர்றேன், கஷ்டம் தெரியாம இருக்க." படுக்க முடிவதில்லை. சன்னல் பக்கம் நாற்காலியில் தலையணை வைத்து உட்கார்ந்தபடியே தூங்குகிறேன்.

வா. மேல்தட்டோ கீழ்த்தட்டோ, கிடைத்த பஸ்ஸில் ஏறி வா. சீஸ் வேண்டாம், விழுங்க முடிவதில்லை. விறகு வெட்ட ஆள் இருக்கிறது. எனக்கு மூச்சு திணறும்போது யாஸ்னா என்ன செய்வதென்று தெரியாமல் அலமாரியைத் திறந்து திறந்து மூடுகிறாள். அவளை வெளியே அனுப்பிவிட்டு என் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும். நீ ஒரு தடவை எழுந்து ஓடியிருக்கிறாய். இந்தத் தடவை இருப்பாய்.

வருவதற்கு முன்னால் எனக்காக ஒரு வேலை செய். ஒஸ்மாரின் மனைவி பெயரையும் வீட்டு விலாசத்தையும் எப்படியாவது கேட்டு வாங்கு. இன்னும் தள்ளிப்போட முடியாது. நான் யார், எனக்கும் அரன்சிபியாவுக்கும் என்ன சம்பந்தம் என்பதெல்லாம் அவளுக்கு எதற்கு? இரண்டு வரிதான் எழுதப்போகிறேன். ஒசோர்னோவில் இருக்கிறேன். உங்கள் கணவர் பேசியதை நான் கேட்டேன்.

எடெல்மிரா